நாலு ஆம்பியர், ஏறத்தாழ

புன்டா அரேனாஸில் ஜூன் மாதம்
சூரியன் ஐந்தரைக்கே கடையைச் சாத்திவிடும்.
காற்றுக்கு மட்டும் ஓவர்டைம்.

அந்த நேரம் பார்த்துத்தான் எலெயுத்தேரியோ பார்ரியா
மீன் பெட்டியில் வைத்து இதைக் கொண்டுவந்தார்.
உடைக்கப் போட்ட இழுவலைப் படகிலிருந்து கழற்றியதாம்.
ஒரு கையால் தூக்கினால்
மணிக்கட்டு கொஞ்சம் யோசிக்கும்.
பெயர்த்தகடு இருந்த இடத்தில்
நாலு ரிவெட் ஓட்டை,
உப்புத் துரு.

"இருபத்துநாலு வோல்ட், அது தெரியும்.
எத்தனை ஆம்பியர் தாங்கும்?
அதைச் சொல், நேலிதா."

ஜலசந்திக்கு அந்தப் பக்கம், ஆட்டுப் பண்ணையில்,
அவருடைய ரேடியோ ஐந்து நாளாக ஊமை.
சாந்தியாகோவிலிருந்து புதுசு வரப் பதினொரு நாள்.
படகு காலை ஒன்பதுக்கு.

தாங்குவாயா என்று இதனிடமே கேட்க முடியாது.
கேட்கிற அளவுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும்,
புகை வரும்வரை.

சமையல் தராசில் வைத்தேன்.
இரண்டு கிலோ அறுநூறு, ஒட்டியிருந்த ரொட்டி மாவையும் சேர்த்து.
நடுத்தூண் அகலம் மூன்று புள்ளி இரண்டு,
தகடுகளின் அடுக்கு நாலு சென்டிமீட்டர்.
பெருக்கி, கொஞ்சம் கழித்து, வர்க்கம் கட்டினால்
நூற்று முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் வருகிறது.
இருபத்துநாலால் வகுத்தால் ஐந்தரை.
இரும்பு எப்போதும் தாராளமாகத்தான் பேசும்.
தோளின் அகலத்தை நம்பி நான்
ஒருமுறை கல்யாணமே செய்துகொண்டேன்.

அடுத்து செம்பு.
வார்னிஷைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் பிடித்தேன்.
ஒன்றரை மில்லிமீட்டர்.
காற்றாட வைத்தால் ஐந்து,
பெட்டிக்குள் அடைத்தால் நாலரை என்றது.

பிறகு நூறு வாட் பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டி
சுவிட்சைப் போட்டேன்.
பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது.
உள்ளே எந்தச் சுற்றும் எதனோடும் ஒட்டிக்கொள்ளவில்லை.
அணைந்த விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற தொழில்
வேறு எது இருக்கிறது?

பல்பைக் கழற்றி நேராக இணைத்தேன்.
சுமை இல்லாமல் இருபத்தாறு புள்ளி நாலு.
லாரியின் முகப்பு விளக்கு ஒன்று, இண்டிகேட்டர் ஒன்று,
பார்க்கிங் பல்பு ஒரு குட்டி:
மூன்றும் சேர்ந்து நாலு ஆம்பியர் இழுக்க
மீட்டர் இருபத்துநாலு புள்ளி ஆறுக்கு இறங்கி நின்றது.
குனிந்தது, மடங்கவில்லை.

இனிக் காத்திருக்க வேண்டியதுதான்.
குளிர்ந்திருந்தபோது ஒன்பது ஓம் என்று
உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன்.
இரண்டு மணி நேரம்,
என் பட்டறைச் சுவரில் ஒரு லாரி
வந்துகொண்டே இருந்தது.
பார்ரியா நாற்காலியில் தூங்கிப்போனார்,
தொப்பியோடு.

தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை.
இந்த ஊர்க் குளிரில் சுடுகிற எதுவும் சுகமாகத்தான் இருக்கும்.
அணைத்த கையோடு அளந்தேன். பத்து புள்ளி ஆறு ஓம்.
அப்படியென்றால் செம்புக்குள்
நாற்பத்துநாலு டிகிரி ஏறியிருக்கிறது.
ஐந்து ஆம்பியர் கேட்டால் அந்தச் சூடு ஒன்றரை மடங்காகும்.
உள்ளே சுற்றியிருக்கும் காகிதத்துக்கு
என் வயது இருக்கும்;
எனக்கே அவ்வளவு சூடு இப்போது ஆகாது.

நாலு. முடிவு.

பெட்டியில் திருகலாம் என்று தலைகீழாகக் கவிழ்த்தேன்.
காலடித் தகட்டின் அடியில், எண்ணெய்க் கறைக்குள்,
பென்சில் எழுத்து:
3½ ?

தகடு விழுந்த பிறகு வந்தவர் யாரோ.
ஆடுகிற படகில், தராசு நிற்காத இடத்தில்,
எந்த விளக்கை எரித்து, எதைத் தொட்டு,
அரை ஆம்பியர் என்னைவிடக் குறைவாக நம்பினாரோ.
அந்தக் கேள்விக்குறியை மட்டும்
நன்றாக அழுத்திப் போட்டிருந்தார்.

நான் அதற்குக் கீழே 4 என்று எழுதினேன்.
பென்சிலை வைத்துவிட்டேன்.
திரும்ப எடுத்து, பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி.

பார்ரியா விழித்துக்கொண்டார்.
"எத்தனை?"
"மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில்."
"யார் சொன்னது?"
"இரண்டு பேர்."